மண்டபத்தைப் பாடச் சொன்ன சீனி காதர் பாய்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. காலைப் பேருந்துகள் கிளம்பிப்போய் இராமநாதபுரம் பேருந்து நிலையம் சற்று ஓய்ந்திருந்த நேரத்தில் சீனி காதர் பாயின் மகன் தந்தை இறந்த செய்தியோடு என்னைக் கைபேசியில் அழைத்தார். “அத்தா மவுத்தாயிட்டாக. சாயந்திரம் அஸர் தொழுகைக்கப்புறம் எடுக்குறோம்” என்றார். வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. “ஹலோ, கேக்குதா?” என்று இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு, சிக்னல் இல்லை என்று நினைத்து வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் பிறவியிலிருந்தே திக்குவாய்.

பாயைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. தர்கா கந்தூரி, கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் ஆர்மோனியத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுவார். எங்கள் பேருந்தில் ஓட்டுநர் அவர் பாட்டைத்தான் போடுவார். நான் அபிராமத்துக்காரன். இளவயதில் இராமேசுவரம் போகும் ஒரு தனியார் பேருந்தில் கண்டக்டர். திக்குவாய்க்காரன் அந்த வேலைக்கு ஏன் போனான் என்று கேட்பீர்கள். விசில் ஊதுகிற வேலைதானே என்று நினைத்துவிட்டேன்.

எனக்கு ‘ம’ தான் பெரிய எமன். பாயின் ஊரான மண்டபத்து நிறுத்தம் வரும்போதெல்லாம் வியர்த்துவிடும். ஒரு நாள் பரமக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருவர் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, “மண்டபம் வந்தா ஒரு சத்தம் குடுங்க தம்பி, எங்க உம்மா மவுத்தாயிட்டாக” என்றார். முக்காட்டால் முகத்தை மூடி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். மண்டபம் வந்தது. என் உதடு ஒட்டிக்கொண்டது. இருக்கைக் கம்பியைத் தட்டினேன், அவர் நிமிரவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணைத் தோளில் தொட்டு எழுப்பக் கூசினேன். இறங்கவேண்டிய மற்றவர்கள் இறங்கினார்கள், ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்தபோது வண்டி பாம்பன் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல்.

பாம்பனில் இறங்கி எதிர் வண்டி பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெற்ற தாயின் முகத்தை அவர் கடைசியாகப் பார்க்கவில்லை. காரணம் நான்.

மூன்றாம் நாள் சீனி காதர் பாய் பேருந்து நிலையத்துக்கு வந்தார். இறந்தது அவருடைய தாய், அந்த அம்மாள் அவருடைய தங்கை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். சண்டைக்கென்றே வந்த முகம். “எந்தங்கச்சியப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டது நீங்கதானா?” என்றார். நான் பதில் சொல்ல முயன்றேன். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. ஓட்டுநர் எனக்காகப் பேச ஓடிவந்தார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். “இருங்க. அவரு சொல்லட்டும்.”

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. அதுவரை எவரும் எனக்காக அவ்வளவு நேரம் நின்றதில்லை. “நான்தான்” என்று சொல்லி முடித்தேன். அழுதுவிட்டேன். அன்று சாயந்திரம் கண்டக்டர் தோல்பையைக் கொடுத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவதாகத்தான் இருந்தேன்.

பாய் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். “பாடும்போதும் திக்குமா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். “அப்ப நம்ம பாட்டைப் பாடுங்க” என்றார். தினமும் கேட்ட பாட்டுத்தான்:

‘உச்சிப்புளி தாண்டி வந்தா மண்டபத்துக் காத்து,
உப்போட வந்து நிக்கும் உன் வாசல் பாத்து.’

பாடினேன். ‘மண்டபம்’ வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. “இனிமே பாடியே சொல்லுங்க” என்றார். “எந்தங்கச்சிக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது. வெக்கமா இருந்தா என்னைய நெனச்சுக்கங்க. வெக்கப்பட்டிருந்தா இந்தக் கட்டைக் குரலை வச்சுக்கிட்டு நான் மேடையேறியிருப்பேனா?”

அன்றிலிருந்து நிறுத்தங்களையெல்லாம் அவருடைய மெட்டில் பாடினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ‘பாட்டு கண்டக்டர்’ வண்டி என்று கேட்டு ஏறினார்கள். நாளடைவில் வீட்டிலும் வெளியிலும் எதைச் சொன்னாலும் அந்த மெட்டில்தான் சொன்னேன். கல்யாணம் நடந்தது, குழந்தைகள் பிறந்தார்கள், இன்று இதே நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கிறேன். எல்லாம் அந்த மெட்டில் வந்த வாழ்க்கைதான். ஒரு வருடம் கழித்து அவருடைய தங்கை என் வண்டியில் ஏறினார். நான் மண்டபத்தைப் பாடினேன். இறங்கும்போது என்னைப் பார்த்து “கேட்டுச்சு” என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பாய்க்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது, வெறும் காற்றுத்தான் வந்தது. இனி மேடை இல்லை என்று நினைத்தோம். அவரோ அடுத்த கந்தூரிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வரிக்கு வரி மூச்சு முட்டி நின்றது. கூட்டம் அசையாமல் காத்திருந்தது. பிறகு நான் போய்க் கையைப் பிடித்தபோது கிசுகிசுத்தார்: “சனத்துக்குப் பாதி வரி மனப்பாடம். மீதிய நான் ஊதிவிட்டாப் போதும்.” சிரித்துவிட்டு, “நீங்க ஏன் இன்னும் எல்லாத்தையும் பாடிக்கிட்டே திரியுறீக? நான் நின்னு நின்னு பாடலையா? ஒரு நா வீட்டுக்கு வாங்க. பாட்டை வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள வந்து பேசுங்க. எனக்கு என்ன சோலி, நான் காத்திருக்கேன்” என்றார்.

வாரேன் என்றேன். அதையும் மெட்டில்தான் சொன்னேன். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து முறை அவர் வீட்டுக்குப் போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் பாடிப் பாடியே பேசிவிட்டுத் திரும்பினேன். அவர் முன்னால் திக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது அது ஒன்றுதான், அதைக் கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னை அழைத்தார்கள். நான் அவருடைய பாட்டைப் பாடுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பாட்டு அங்கே எல்லாருக்கும் தெரியும். அவர் எனக்கென்று விட்டுப்போனது இன்னொருவர் பேச்சு முடிகிறவரை நிற்கிற அந்தப் பொறுமை. அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன், எனக்கும் கொஞ்சம், என் முன்னால் தடுமாறி நிற்பவர்களுக்கும் கொஞ்சம். மைக் முன்னால் நின்று “மண்டபம் சீனி காதர் பாய்” என்று தொடங்கப் பார்த்தேன். ‘ம’ ஒட்டிக்கொண்டது. மெட்டு நாக்கின் நுனிக்கு வந்தது, விழுங்கிவிட்டேன். முன்வரிசையில் யாரோ சொல்லை எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். பாயின் மகன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நான் திக்கித் திக்கி அவர் பெயரைச் சொல்லி முடித்தேன்.