அப்பா தாண்டிப் போன கோயில்

எனக்குக் கல்யாணம் நடந்த மாதா கோயிலை ஒரு என்ஜினியர் புதுமாதிரியாகக் கட்டியிருந்தார். கோபுரம் கிடையாது. ஜன்னலுக்குப் பதில் சுவர் முழுக்க ஓட்டை போட்ட சிமெண்டுக் கற்கள். கூரை உச்சியில் வெளிச்சம் விழ நீளமாக ஒரு திறப்பு. ஒளிதான் இங்கே அலங்காரம் என்று சாமியார் பெருமையாகச் சொல்வார். எனக்கென்னவோ, வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் தோன்றியது.

நான் வேதக்காரப் பையனைக் கட்டுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவும் வரவில்லை. பிடிவாதத்தில் நான் மட்டும் குறைந்தவளா? நானும் பேசவில்லை. கடைசியில் அவரே இறங்கிவந்து, கல்யாணத்தன்று தன் கையால் பூப்போட்டு ஆசீர்வதிப்பதாகச் சொல்லியனுப்பினார். அட்சதைக்கு வழியில்லை. அவசரகாலத்தில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ரப்பர் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி எடுத்துவர விடமாட்டார்கள். அந்தப் பூவுக்காகத்தான் காத்திருந்தேன்.

அப்பா ஏறிவர வேண்டிய தோட்டத்து லாரி வரவேயில்லை. ஊரடங்குக்குள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டுமே என்று சாமியார் பூசையைத் தொடங்கிவிட்டார். முகத்தை மூடிய வலைக்குள் அழுதுகொண்டே தாலி வாங்கிக்கொண்டேன். பாதி துக்கம், பாதி கோபம்.

எல்லாம் முடிந்தபிறகு அப்பா மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் ஸ்மோக் ஹவுசில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். ரோட்டிலிருந்து இந்தக் கட்டடத்தின் ஓட்டைச் சுவரையும், புகை போக விட்டதுபோன்ற கூரைத் திறப்பையும் பார்த்ததுமே, இது ஸ்மோக் ஹவுஸ், எனக்குத் தெரியாதா, நேராகப் போ என்று லாரிக்காரரை விரட்டியிருக்கிறார். டவுனில் கோபுரம் வைத்த பழைய கோயிலிலும் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு வெள்ளை உடை, முகத்தில் வலை. போதாதா? கொண்டுவந்த பூவையெல்லாம் அவள்மேல் கொட்டிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். அந்தப் பெண் பதறி வலையைத் தூக்கினால், சீனத்தி.

"கோயில் நெறைய சீனவங்க. மாப்பிள்ளைக்குக் கூட்டாளிங்க ஜாஸ்தின்னு நெனச்சேன்லா" என்றார்.

சாமியாரே சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. இத்தனை மாதம் காத்திருந்த பூ, முன்பின் தெரியாதவள் தலையில்! அப்பா என் எதிரே வந்தார். ஆனால் பேசியது சாமியாரிடம்.

"மொதல்ல மொகத்தக் காட்டச் சொல்லுங்க சாமி. அப்புறந்தான் ஆசீர்வாதம்."

வலையை நானே தூக்கினேன். அவர் கையில் ஒரு இதழ்கூட மிச்சமில்லை. என் கொண்டையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி என் தலையிலேயே போட்டார். அன்று முழுக்க என் கொண்டை ஒருபக்கம் மொட்டையாகவே இருந்தது. யாரையும் சரிசெய்ய நான் விடவில்லை.