வெள்ளிக்கிழமை எரிந்த நாலு விளக்கும் சிப்போராவின் படவிழாவும்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். என் தங்கை சிப்போரா எம்பாலே நகரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு எங்கள் குன்றுக்கே பாடம் சொல்ல வந்தவள். குன்றின் மேல் யூதர்கள் நாற்பத்தொரு குடும்பம். நடுவில் பள்ளிவாசல், அடியில் தேவாலயம். ஊற்றுக்குப் போகிற பாதை யாருக்கு என்று ஒரு தகராறு வந்ததிலிருந்து இரண்டு வருஷமாக மேலே இருப்பவர்கள் கீழே போவதில்லை, கீழே இருப்பவர்கள் மேலே வருவதில்லை.

சிப்போராவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் சாப்பாடு இறங்காது. இந்த வருஷம் வந்த யோசனை யூதத் திரைப்பட விழா. மூன்று சனிக்கிழமை இரவு, மேலே எங்கள் ஜெப ஆலய முற்றத்தில், வெள்ளைத் துணி கட்டி.

"நம்ம படத்த நமக்கே போட்டுக் காட்டி என்ன ஆகப்போகுதுண்ணே? கீழ இருக்கறவங்க வரணும்" என்றாள்.

முதல் படம் அவளே கைப்பேசியில் எடுத்தது. எங்கள் காப்பி அறுவடை, பத்தொன்பது நிமிஷம். தோட்டங்கள் அடுத்தடுத்து இருப்பதால் அதில் மேலே, கீழே எல்லா வீட்டு முகமும் உண்டு. கீழே இறங்கி வீடு வீடாகப் போய் அழைத்தாள். பள்ளிவாசல் ஹாஜி வம்பேதேயும் சம்மதித்தார்.

"ஒரு தடவ ஏறி வர்றேன். நல்லா இல்லேன்னா மறுபடி கூப்பிடக் கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை புரொஜெக்டரை ஆலயத்தின் சூரிய மின் பேட்டரியோடு இணைத்தேன். இணைப்புகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். வெளிச்சம் போதுமா என்று பார்க்க அதே பேட்டரியில் எரிகிற ஆலயத்துப் பெரிய விளக்கு நான்கையும் சிப்போரா போட்டாள். போட்டவள், பரபரப்பில் அணைக்க மறந்தாள். நானும் கவனிக்கவில்லை. சூரியன் விழுந்தது, ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. இனி சனி மாலைவரை எங்களில் யாரும் சுவிட்சைத் தொடமாட்டோம்.

சனிக்கிழமை காலை ஜெபத்தில் நாலு விளக்கும் பளபளவென்று எரிந்தன. வெளியே வியாழன் முதல் கலையாத மழைமேகம். பேட்டரி ஏற வழியில்லை.

"அண்ணே, சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

"மத்தியானமே தாங்காது."

"வேற யாரையாவது விட்டு அணைக்கச் சொன்னா?"

"சொல்லவும் கூடாது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் குடுக்கறதே நீதான."

பதினொன்றரைக்கு விளக்குகள் மஞ்சளாகி, ஒவ்வொன்றாக அணைந்தன.

மாலையில் ஆட்கள் ஏறி வந்தார்கள். பாய், வறுத்த நிலக்கடலை, தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், நானே எண்ணினேன். ஓய்வுநாள் முடிந்ததைக் காட்டும் நட்சத்திரங்கள் மேகத்துக்குள் இருந்ததால் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தோம். பின்னல் மெழுகுவர்த்தியை ஏற்றி, வாசனைப் பட்டையை முகர்ந்து ஓய்வுநாளை வழியனுப்பியதும் சிப்போரா நேரே ஹாஜியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"காலையில பள்ளிவாசல்லேருந்து அண்ணாந்து பார்த்தேன். பட்டப்பகல்ல நாலு விளக்கு எரியுது. இவங்களுக்குக் காசு கொழுத்துப் போச்சுன்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அணைச்சிருப்பேனே பொண்ணு."

"அந்த ஒரு வார்த்தையத்தான் நாங்க சொல்லக் கூடாது, ஹாஜி."

ஹாஜி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு திரும்பி, தேவாலயப் பாட்டுக்காரர் எரியாவிடம் சொன்னார்: "உன் மோட்டார் சைக்கிள எடு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியோட பேட்டரி இருக்கு, தூக்கிட்டு வா."

"தொழுகைக்குக் கூப்பிட என்ன பண்ணுவீங்க?"

"தொண்டை இருக்கு. கூப்பிட வேண்டியவங்க அத்தன பேரும் இங்கதான உக்காந்திருக்காங்க?"

எரியா பேட்டரியோடு வந்தார். இந்த முறை இணைப்புகளை மூன்று தடவை சரிபார்த்தேன். துணியில் வெளிச்சம் விழுந்ததும் குன்றே எழுந்து நின்ற மாதிரி ஒரு சத்தம். தங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் குஷியில் பக்கத்தில் இருந்தவர் தோளில் அடித்தார்கள், அவர் எந்த மதம் என்று பார்க்காமல். துணியில் காப்பிக் கூடையோடு தன் உருவம் வந்தபோது, "என் வயிறு அவ்வளவு பெருசா?" என்றார் ஹாஜி. "படத்துல சின்னதாத்தான் தெரியுது" என்றார் எரியா.

நடுவில் படத்தை நிறுத்தினோம். ஹாஜி முற்றத்து ஓரத்தில் நின்று வெறுந்தொண்டையில் அழைத்தார். அவர்கள் தொழுது முடிக்கும்வரை எங்கள் பெண்கள் அவர்களுடைய கடலைக்குக் காவல் இருந்தார்கள். பிறகு படம் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடியது.

கிளம்பும்போது ஹாஜி என் தங்கையிடம், "அடுத்த சனிக்கிழமை எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

விழா முடிந்து இப்போது ஐந்து மாதம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூரியன் விழுவதற்குக் கால் மணி முன்னால் எங்கள் வாசலில், கீழேயிருந்து ஏறி வந்த ஹாஜியின் குரல் கேட்கும்.

"சிப்போரா, நாலையும் அணைச்சாச்சா?"