முகத்துக்குப் பின்னால் ஒரு வீடு

ஓம்பியா இதுவரை ஏழு ஆவணப்படங்களில் நடித்திருக்கிறாள். 'நடித்தாள்' என்று சொல்லக் கூடாது, 'இடம்பெற்றாள்' என்றுதான் சொல்ல வேண்டும் என அந்தத் துறைக்காரர்கள் திருத்துவார்கள். ஒரே வாசலுக்குள் பன்னிரண்டு தடவை நுழையச் சொன்னவர்கள் அவர்கள்தான் என்பதால், ஓம்பியா 'நடிச்சேன்' என்றே சொல்லிவந்தாள். ஆறு படங்களில் அழுதாள். ஏழாவதில், மிளகாய் இடித்துக்கொண்டிருந்த கை கண்ணில் பட்டுவிட்டது. அந்த அழுகைதான் இருப்பதிலேயே ஆழமானது என்று பேசிக்கொண்டார்கள்.

புகழுக்கு முன் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. மணிலாவுக்கு வெகுதூரம் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கும் மராவி ஊரின் பாங்கோலோ கடைத்தெருவில் மலோங் துணி விற்றாள். குழாய்போலத் தைத்து இடுப்பில் சுற்றும் அந்தத் துணியை விரலால் தொட்டே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவாள். கடைக்கு இரண்டு தெரு தள்ளி மூன்று மாடி வீடு, பதினான்கு படி. 2017 மே மாதம் கறுப்புக் கொடியும் துப்பாக்கியுமாகத் தீவிரவாதிகள் ஊருக்குள் புகுந்தார்கள்; அவர்களைத் துரத்த ராணுவம் வந்தது; ராணுவத்துக்கு மேலே விமானம் வந்தது. ஊர் மொத்தமும் மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று கிளம்பியது. ஓம்பியாவும் பூனைக்கு மூன்று நாள் சோறு வைத்துவிட்டு, மகள் நோர்ஹானாவையும் பாதி வெந்த சோறு கிடந்த குக்கரையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான இலிகானில் இருந்த முகாம் வரைக்கும் நடந்தாள். சண்டை ஐந்து மாதம் நீடித்தது. பூனைதான் கெட்டிக்காரி. இரண்டாம் நாளே அதுவும் முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அகதிக் குடியிருப்பில் கதவு எண் கிடைத்த மறுவாரமே கேமராக்கள் வரத் தொடங்கின. கையில் இருக்கும் தங்க வளையலைக் கழற்ற முடியுமா என்று முதல் குழு பணிவோடு கேட்டது. கழற்ற முடியாது என்று ஓம்பியா அதைவிடப் பணிவாகச் சொன்னாள். அவளுடைய மரனாவ் மக்களுக்கு 'மரதபத்' என்று ஒன்று உண்டு. மானம், ரோஷம், குலப்பெருமை மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கொதிக்கவைத்தால் வருவது. வீட்டை விட்டு ஓடலாம், அதில் தப்பில்லை. வெறுங்கையோடு படத்தில் தெரிந்தால் ஏழு தலைமுறைக்குக் கேவலம். வந்தவர்களுக்கு அவள் தேங்காயும் மஞ்சளும் போட்ட கோழிக்கறி சமைத்து, பலாப்பா காரத்தொக்கும் வைத்தாள். அவர்கள் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேமராவை முடுக்கி, "சாப்பாட்டுக்கு என்னம்மா செய்றீங்க?" என்று கேட்டார்கள்.

இப்படியே ஏழு படம் ஓடிவிட்டது. வீடு மட்டும் அப்படியே இருந்தது; அதாவது, இல்லாமலே இருந்தது. சண்டையில் பாதி போனது. மிச்சப் பாதியை, பத்திரமில்லை என்று சொல்லி இயந்திரம் வைத்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். தெருவே வழுவழுவென்று கிடந்தது. பிறகு ஒருநாள், அவரவர் மனையில் அவரவர் மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. வீடு உங்களுடையது என்று காட்டினால் போதும். மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். காட்டாத மனைகள் 'தகராறுப் பட்டியல்' என்ற பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலில் ஏறியதைப் பேரன்கள்தான் இறக்குவார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

ஓம்பியாவின் பத்திரம் இரும்பு பீரோவில் இருந்தது. பீரோ உருகிவிட்டது.

போதாக்குறைக்கு அதே மனைக்கு மேன்மை தங்கிய சுல்தான் மாங்கோர்சியும் மனு கொடுத்திருந்தார். ஓம்பியாவுக்குப் பெரியப்பா மகன். எங்கள் ஏரிக்கரையில் கல்லை விட்டெறிந்தால் ஒரு சுல்தான் தலையில் பட்டு இன்னொரு சுல்தான் மடியில் விழும். இவர் ஒரு தெருவின் மேற்குப் பாதிக்குச் சுல்தான். தெரு இப்போது இல்லை, பட்டம் இருந்தது. பட்டம் சூட்டிய காகிதமும் தீயில் போய்விட்டதால், பட்டம் இருப்பதாக அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. மனை தன் பாட்டனாருடையது, வீடு தான் கட்டியது, தங்கை குடியிருந்தாள் அவ்வளவே, என்பது அவர் வாதம். இருவருமே படமோ பத்திரமோ கொண்டுவரலாம் என்றார் அதிகாரி.

படம் என்றதும் ஓம்பியாவுக்கு ஃபிளெக்ஸ்தான் ஞாபகம் வந்தது. மரனாவ் குடும்பங்களில் ஒரு சந்தோஷம், அதைத் தூக்கி வீட்டுச் சுவரில் தொங்கவிடும்வரை முழுமை அடைவதில்லை. தேர்வில் தேறினால் ஃபிளெக்ஸ், ஹஜ்ஜுக்குப் போனால் ஃபிளெக்ஸ், பித்தப்பைக் கல்லை எடுத்தாலும் ஃபிளெக்ஸ். நடுவில் நாயகர், மேலே இடதுபுறம் வீட்டுக்காரர், கீழே வரிசையாக வாழ்த்தும் சொந்தங்கள். முகத்தின் அளவு உறவின் நெருக்கத்தைப் பொறுத்தது. நிலத்துக்காகப் பிரிந்த குடும்பங்களைவிட ஃபிளெக்ஸில் முகம் சின்னதாகிப் பிரிந்த குடும்பங்கள் அதிகம். சண்டைக்கு மூன்று வாரம் முன்னால் நோர்ஹானா நர்ஸ் தேர்வில் தேறியதற்கு வைத்த ஃபிளெக்ஸ், இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடி வரைக்கும் தொங்கியது. வாழ்த்தியவர்கள் பதினேழு பேர்.

அந்தப் பதினேழு பேரும் அன்றைக்கே அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டிருந்தார்கள். நோர்ஹானா ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். ஒவ்வொருவரும் தன் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். பதினேழு முகம் கிடைத்தது. சுவர் ஒரு சாண்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கல்லூரி அரங்கில் அந்தப் படத்தைத் திரையிடப் போவதாகச் செய்தி வந்தது. மணிலாவிலிருந்து வந்த கார்மி என்ற பெண் எடுத்தது, ஓம்பியாவின் மூன்றாவது படம். சண்டை முடிந்த அடுத்த வருடம், சொந்த வீட்டைப் போய்ப் பார்க்க எல்லோருக்கும் மூன்று நாள் அனுமதி கொடுத்தார்களே, அப்போது எடுத்தது. ஓம்பியாவை அவள் வீட்டுக்கு முன்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் நின்றது. சுவரில் குண்டு துளைத்த ஃபிளெக்ஸ் அப்படியே தொங்கியது.

ஓம்பியா வளையல்களோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் பன்னிரண்டு அடி உயரத்துக்கு வந்து நின்றது. ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் மாதிரி தெரிந்தது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது. ஓம்பியா மட்டும் இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள், எழுந்தும் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளேன்டி," என்றாள் தன் முகத்தைப் பார்த்து.

"உம்மா, உக்காருங்க. பின்னாடி மறைக்குதாம்," என்று நோர்ஹானா மலோங்கைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்குந்தான் பின்னாடி மறைக்குது."

முகம் தள்ளவில்லை. காதோரம் தெரிந்த இடத்திலும் வீடு இல்லை. ரோஸ் நிறத்தில் ஏதோ கலங்கலாகக் கரைந்து கிடந்தது. படம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்ட, கார்மி கண்கலங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் ஓம்பியாவை மணிலா வழக்கப்படி, அம்மா என்ற அர்த்தத்தில், 'நானாய்' என்று அழைப்பாள். மரனாவ் வழக்கத்தில் மூத்தவளை 'பாபோ' என்பார்கள் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.

"உன் படத்துல என் வீடு எங்கடி?"

"பின்னாடிதான் இருக்கு, நானாய். வேணும்னுதான் மங்கலா வெச்சோம். நினைவு மங்கிப்போறத காட்டுறதுக்காக."

"யாருக்கு மங்குச்சு? பதினாலு படி. ஒன்பதாவது படியில ஓரம் பேந்திருக்கும். மாடி ஜன்னல்ல மூணாவது கம்பி வளைஞ்சிருக்கும். மங்கிப்போச்சான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

உலகத்தின் ஒன்பது ஊர்களில் பாராட்டுப் பெற்ற கேள்வி-பதில் அனுபவம் கார்மிக்கு இருந்தது. படியை எண்ணிக் காட்டும் ஆளை எதிர்கொண்ட அனுபவம் இல்லை. ஓம்பியா மனையையும், மாதக் கடைசியையும், சுல்தானையும் சொல்லி முடித்தாள். பிறகு துணிக்கடைக்காரியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"துணி வெட்டுனா துண்டு விழும்ல? உன் துண்டெல்லாம் எங்க கெடக்கு?"

நாற்பது மணி நேரத் துண்டு மணிலாவில் ஒரு வன்தட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. கார்மி அந்தப் பெட்டியை மனதுக்குள் புரட்டினாள்.

"தெளிவா எடுத்த துண்டு ஒண்ணு இருக்கணும். வீடு முழுசும், அந்த ஃபிளெக்ஸும். நான்தான் வேணாம்னு தூக்கிட்டேன்."

"ஏன்?"

"ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, நானாய். ரோஸ் கலரு, ஹார்ட்டின் படம், எல்லாரும் பல்ல காட்டிக்கிட்டு... சோகப் படத்துக்கு ஒத்து வரல."

ஓம்பியா திட்டவில்லை. மாதக் கடைசிக்கு இருபது நாள் இருக்கிறது என்று மட்டும் ஞாபகப்படுத்தினாள். அன்றிலிருந்து பலாப்பா இடிக்கும்போதும் கைபேசியை உரலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பதினாறு நாளில் கார்மி அனுப்பியவை: இரண்டு 'தேடுறேன்', ஒரு 'பெட்டி திறக்கல', ஒரு பெருமூச்சு விடும் பொம்மை. பதினேழாம் நாள் செய்தி எதுவும் வரவில்லை. கார்மியே பெட்டியோடு வாசலில் நின்றாள். ஓம்பியா முதலில் அவளுக்குச் சோறு போட்டாள். இம்முறை அவள் சாப்பிடுவதை யாரும் படம் பிடிக்கவில்லை.

விசாரணை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. சுல்தான் மாங்கோர்சி தங்கச்சரிகைத் தலைப்பாகையோடும், பின்னால் நான்கு பேரோடும் வந்தார். அதிகாரி நல்ல மனிதர், இளகிய மனம். கார்மி பழக்கதோஷத்தில் படத்தை முதலிலிருந்து ஓடவிட, ஓம்பியாவின் முகத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஓம்பியா அவரிடம், அழுகை அப்புறம் ஆகட்டும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டைப் பாருங்கள் என்றாள்.

துண்டு ஓடியது. வேலை தொடங்குமுன் கேமராக்காரன் சும்மா சோதித்துப் பார்த்தது. தெரு, சந்து, நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஓம்பியா. பிறகு கேமரா மெல்ல மேலே ஏறியது. பதினான்கு படி. ஒன்பதாவதில் ஓரம் பேந்திருந்தது. வளைந்த கம்பி. அதற்குப் பக்கத்தில், கூரையில்லாத வீட்டின் சுவரில், முப்பது நாற்பது குண்டு துளைத்து, ரோஸ் நிறத்தில், மகா சந்தோஷமாக ஃபிளெக்ஸ். நடுவில் வெள்ளைத் தொப்பியோடு நோர்ஹானா. மேலே இடதுபுறம், வீட்டுக்காரர் இடத்தில், வளையல் தெரியக் கன்னத்தில் கைவைத்த ஓம்பியா. கீழே சொந்தங்கள். மூன்றாம் வரிசையில், எலுமிச்சம்பழ அளவில், தலைப்பாகையில் ஒரு துளையோடு ஒரு முகம்.

அதிகாரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் வாசித்தார். "தங்கை ஓம்பியாவின் இல்லத்துக்கு வாழ்த்து. அன்புள்ள மாமன், சுல்தான் மாங்கோர்சி." திரும்பிப் பார்த்தார். "இது நீங்கதானாங்க?"

ஓம்பியா மாங்கோர்சியைப் பார்த்தாள். இல்லை, அது வேறு யாரோ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனை தகராறுப் பட்டியலுக்குப் போய்விடும். பின்னால் நின்ற நால்வரும் அந்த ஒரு வார்த்தைக்குத் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். மாங்கோர்சி திரையையே பார்த்தார். உலகத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒன்று அங்கே அச்சில் இருந்தது. பெயருக்கு முன்னால். தடித்த எழுத்தில்.

முகத்தை மறுத்தால் பட்டத்தையும் மறுக்க வேண்டும்.

அவர் எழுந்தார். தலைப்பாகையைச் சரிசெய்தார்.

"நான்தான்," என்றார். "போட்டிருக்கே, பார்க்கலையா? சுல்தான் மாங்கோர்சி. அந்த எடத்த கொஞ்சம் பெருசாக்கிக் காட்டச் சொல்லுங்க."

பெரிதாக்கினார்கள். நான்கு பேரும் மரியாதையோடு வாசித்தார்கள். வாசித்து முடித்தபிறகுதான் அதற்கு முந்தைய வரியில் என்ன இருக்கிறது என்பது சுல்தானுக்கும் உறைத்தது. முகம் கறுத்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். மரதபத் உடைந்த மனிதன் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கமாட்டான். அவன் மகனும் சும்மா இருக்கமாட்டான். அது ஓம்பியாவுக்குத் தெரியும். ஒரு சண்டை பார்த்தது அவளுக்குப் போதும்.

"அய்யா, எழுதிக்கிடுங்க," என்றாள் அதிகாரியிடம். "எங்க அண்ணன், இந்தக் காக்கா, எனக்கு சாட்சி சொல்லத்தான் வந்திருக்காங்க. சுல்தான் ஒருத்தர் நேர்ல வந்து சொன்னா நீங்க தட்டமாட்டீங்கன்னு நான்தான் கூப்பிட்டேன்."

அதிகாரி இரண்டு மனுக்களையும் பார்த்தார், சுல்தானைப் பார்த்தார். சுல்தான் தொண்டையைச் செருமினார்.

"ஆமா," என்றார். "வேற எதுக்கு வந்தேன்? பதினாலு படி. நானே எண்ணியிருக்கேன்."

அவர் தன் மனுவைத் தானே கையெழுத்திட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கையெழுத்தில் 'சுல்தான்' அரைப் பக்கத்தைப் பிடித்தது.

அடுத்த மாதம் வீடு கட்ட அனுமதி பெற்றவர்களின் பட்டியல் வந்தது. ஓம்பியாவின் பெயர் அதில் இருந்தது. கொத்தனார் வருமுன்பே மனையில் இரண்டு மூங்கில் நட்டு ஃபிளெக்ஸ் கட்டினாள். கட்டடம் அப்புறம், முறை என்று ஒன்று இருக்கிறது. நடுவில் அனுமதிக் காகிதத்தின் படம். கீழே முதல் வரிசையில், தனியாக, பலாப்பழ அளவில் சுல்தான் மாங்கோர்சி. இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நான்கு தூண்கள் எழும்பிய வாரம் கார்மி வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை அவளே துடைத்துப் போட்டாள். ஓம்பியா உட்காரவில்லை. கேமராவுக்குப் பின்னால் போய், அந்தச் சின்னத் திரையில் குனிந்து பார்த்தாள். தூண்கள் நான்கும் கம்பி நீட்டிக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன. தூணுக்கு மேலே வானம் வெட்டுப்பட்டிருந்தது.

"எல்லாம் தெளிவா வருது, பாபோ," என்றாள் கார்மி.

"மேல ஏன் வெட்டுற? கேமராவ இன்னும் தூக்கு."

"மேல ஒண்ணும் இல்லையே, பாபோ."

"ரெண்டு மாடி வரப்போகுது. எடம் விட்டுப் புடி."

கார்மி கேமராவைத் தூக்கினாள். ஓம்பியா போய் ஓரமாக நின்றுகொண்டாள், வீட்டை மறைக்காமல்.