ஏழு வரை எண்ணிய படம்

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் இந்திய அழகிப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே வெளுப்பு. கிரீடம் யாருக்கு என்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் டீ வாசத்தை மீறி எனக்கு மட்டும் பழைய ஹைப்போ வாடை அடித்தது.

ஹைப்போ, போட்டோ கழுவுகிற மருந்து. எண்பத்தேழில் நான் இங்கே கடைவீதி ஸ்டுடியோ ஒன்றில் இருட்டறை வேலை பார்த்தேன். பிரிண்டு போட விளக்கைப் போட்டுப் பத்து எண்ண வேண்டும். பெண் பார்க்க அனுப்புகிற படம் என்றால் ஏழோடு அணைத்துவிடுவேன். முகம் வெளுத்து வரும். மாப்பிள்ளை வீட்டார் ஏமாந்தார்களோ இல்லையோ, எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர்.

அந்த வருஷ இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகள் வசந்தா, இங்கே சித்தி வீட்டில் தங்கி டைப் படித்தவள், படம் எடுக்க வந்தாள். கையில் ஆங்கிலப் பத்திரிகையில் கத்தரித்த அழகிப் போட்டி விண்ணப்பம். நல்ல உயரம், நல்ல கறுப்பு.

"எங்கள மாரி ஒருத்தி அங்க நின்னதே இல்லண்ணே. நின்னு பாத்துர்றேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை. அதையே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்திலிருந்து சரக்கு வராமல் பிரிண்டு போடும் தாள் கடைசியாக ஒன்றுதான் மிச்சம். பாவம், ஜெயிக்கட்டும் என்று ஏழு எண்ணினேன்.

மறுநாள் போலீஸ் காவலோடு ஒரு தபால் வண்டி கிளம்புவதாக இருந்தது. அதை விட்டால் கடைசித் தேதி போய்விடும். படம் வாங்க வந்த வசந்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருண்ணே?"

"நீதாம்மா. கொஞ்சம் கலரா வரட்டுமேன்னு..."

"கூப்ட்டா நாந்தானே போய் நிக்கணும்? போட்டோல கீற பொண்ணு எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது? வேற போட்டுக் குடுங்க."

"பேப்பர் இல்லம்மா."

படத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நாலு நாள் கழித்துத் தாள் வந்ததும் முதலில் அவள் படத்தைத்தான் போட்டேன், பத்து வரை எண்ணி. வசந்தா வசந்தாவாகவே வந்தாள். வாங்கிக்கொள்ளத்தான் அவள் வரவில்லை. வாசல் கண்ணாடிக்குள் மாட்டினேன். "கல்யாண பார்ட்டிங்க வர்ற கடைப்பா" என்று முதலாளி மறுநாளே கழற்றிவிட்டார்.

சில வருஷத்தில் நம் பெண்கள் உலக அழகிக் கிரீடங்களையே கொண்டுவந்தார்கள். தெருவுக்குத் தெரு பியூட்டி பார்லர் வந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

ஸ்டுடியோ இருந்த இடம் இப்போது செல்போன் கடை. இருட்டறையும் இல்லை, ஹைப்போவும் இல்லை. செல்போன் கேட்காமலேயே முகத்தை வெளுத்துக் கொடுக்கிறது, ஏழு எண்ணக்கூட ஆள் வேண்டாம். பத்து வரை எண்ணிய அந்தப் படத்தையாவது முதலாளியிடம் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்க எனக்கு வாய் வரவில்லை.