சாமி கியர் போடாத புஷ்பலதா

திருத்தணி மலையிலிருந்து வண்டி இறக்குகிற டாக்ஸிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேல் வளைவு தாண்டியதும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்படியே கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள். வண்டி சத்தமில்லாமல் தானாக உருளும். ஸ்டாண்டில் அதற்குச் சாமி கியர் என்று பேர். இனி முருகன் பார்த்துக்கொள்வான், எண்ணெயும் மிச்சம் என்கிற நினைப்பு.

புஷ்பலதா அதைப் போட மாட்டாள். மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

"முருகனுக்கு மேல ஆயிரம் வேல கீது. எனக்கு பிரேக் புடிக்கிறதா அவரு வேல?" என்பாள். இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட டிரைவர்களும் உண்டு.

பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். தாவணி போட்ட வயதிலேயே கரும்பு லோடு டிராக்டரை ஏரிக்கரைச் சரிவில் இறக்கியவள். அங்கே கிளட்சை மிதித்தால் லோடு பின்னாலிருந்து நெட்டித் தள்ளி வாய்க்காலில் சொருகிவிடும். அவளே ஒருமுறை சொருகி, ஊர் சிரித்தது. அதற்குப் பிறகு சின்ன கியர்தான், இன்ஜின் எவ்வளவு முக்கினாலும் சரி. கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்து, புருஷன் சேட்டுவோடு பூக்கடையில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக் கட்டி அலுத்துப் போனாள். ஒரு நாள் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி வந்து மஞ்சள் போர்டு மாட்டிவிட்டாள். கிளட்ச் கிடையாது, கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். பொம்பளைக்கேத்த பொம்மை வண்டி என்று ஸ்டாண்டே கேலி செய்தது.

அட, பொம்மைக்கு மூளை இருந்ததே! ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வேகம் ஏறுகிறதா, டிரைவர் பிரேக்கைத் தொடுகிறாளா, அப்படியென்றால் இது இறக்கம் என்று அதுவே கண்டுகொள்ளும். யாரையும் கேட்காமல் கீழ் கியருக்கு இறங்கி அதிலேயே நிற்கும். அந்த நேரத்தில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. காற்று வரும் வழி மூடிக்கிடக்க, உள்ளே பிஸ்டன்கள் மூச்சுக்கு இழுத்துத் திணறும். அந்தத் திணறல் வண்டியைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். வெளியே கேட்கிற அலறல் அதுதான். பெட்ரோல்கூட அப்போது உள்ளே போகாது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வரும். இதையெல்லாம் அவள் மெக்கானிக்கைக் கேட்டு நச்சரித்துத் தெரிந்துகொண்டாள். டிராக்டரில் கையால் செய்ததை இது தானாகச் செய்கிறது என்று புரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அந்த அலறல்தான் கங்காதரனுக்கு ஆகவில்லை. கங்காதரன் சேட்டுவின் அண்ணன், புஷ்பலதாவுக்குப் பாவா. அவனும் டாக்ஸி ஓட்டுகிறவன், சாமி கியரில்தான் இறக்குவான். ஸ்டாண்டில் மலைக்குப் போகும் வண்டிகளுக்கு முறை போடுகிறவனும் அவன்தான்.

ஆடிச் செவ்வாய் ஒன்றில், நாலு பேர் முன்னால் கூப்பிட்டுச் சொன்னான். "உன் வண்டி இறங்கும்போது பேய் மாரி கத்துது. இன்ஜின் இன்னிக்கோ நாளைக்கோ புட்டுக்கும். பாசஞ்சர் பயப்படுறாங்கோ. இந்த டிரிப்பு நானும் வரேன். கத்துச்சுன்னா மலை முறை உனக்குக் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னுக்கோ."

மலை இல்லையென்றால் அப்புறம் என்ன வண்டி? சமதளத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிட்டுப் போகலாம். அந்த வளைவுகளில்தான் புஷ்பலதா தன்னை ஒரு ஆளாக உணர்ந்தாள். இருந்தாலும் "ஆங், வாங்க பாவா" என்றாள்.

நகரியிலிருந்து வந்த ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகளோடு. மலை ஏறும்போது எல்லாம் நன்றாகவே போயிற்று. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலைகளோடு பிள்ளைகள் திரும்பி வந்து பின்சீட்டில் ஏறின. கங்காதரன் சாமி கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு முன்னால் உட்கார்ந்தான்.

வளைவு தாண்டியது. கார் தானாகக் கீழ் கியருக்கு இறங்கி அலறத் தொடங்கியது.

"பாத்தியா, பாத்தியா! சாமி கியர் போடு."

"போட மாட்டேங்க."

கங்காதரன் கையை நீட்டி, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டான்.

அலறல் பட்டென்று நின்றது. எவ்வளவு அமைதி! அந்த அமைதியில் கார் பாய்ந்தது. அடுத்த வளைவில் புஷ்பக் காவடிக்காரர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். புஷ்பலதா பிரேக்கை மிதித்தாள். அது வரைக்கும் இன்ஜின் பங்கு போட்டுக்கொண்டிருந்த பாரமெல்லாம் பிரேக் தலையில் விழுந்தது. தீய்ந்த நாற்றம் வந்தது, வேகம் போதுமான அளவு குறையவில்லை. பின்னால் பிள்ளைகளின் அம்மா "அய்யோ முருகா" என்றாள். புஷ்பலதா அவன் கையைத் தட்டிவிட்டு லீவரை டிரைவுக்கு இழுத்தாள், மறுபடி மிதித்தாள். வண்டி கியர் கியராகக் கீழே இறங்கி, தொண்டை கிழியக் கத்தி, ஒரு காவடியின் மயிலிறகு பானட்டை உரசுகிற தூரத்தில் நின்றது.

அவளுக்குப் பயம் போய்க் கோபம் வருவதற்கு ஒரு மூச்சுதான் ஆயிற்று. ஓரம் கட்டினாள்.

"இறங்குங்க பாவா."

"ஏய், யாரைப் பாத்துச் சொல்ற? நான் உன் பாவா."

"வூட்டுல பாவா. இங்க நீங்க பாசஞ்சர். கியர்ல கை வைக்கிற பாசஞ்சரை நான் ஏத்திக்கினு போறதில்ல. இறங்குங்க."

மரியாதையும் குறையவில்லை, குரலும் குறையவில்லை. காவடிக்காரர்களே மேளத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கங்காதரன் இறங்கினான். உச்சி வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றான். புஷ்பலதா கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைக் கத்தவிட்டே அடிவாரம் வரை இறக்கினாள்.

அவன் நொண்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மூச்சு வாங்க அவன் சொன்ன முதல் வார்த்தை, "இவளுக்கு மலை முறை கிடையாது. இன்னியோட சரி!"

புஷ்பலதா எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். "முறை உங்க கையில இருக்கட்டும் பாவா. சாவி என் கையில கீது." காரை ஸ்டாண்டுக்கு வெளியே எடுத்துப் பெரிய ரோட்டில் நிறுத்தினாள். சேட்டு ஓடிவந்து, "வாணாம்டி, அண்ணன்கூட வம்பு" என்று கையைப் பிடித்தான். உதறினாள். "மலைக்கு! மலைக்கு!" என்று ஊருக்கே கேட்கக் கூவினாள்.

கூட்டம் அவளைப் பார்த்தது, ஸ்டாண்டைப் பார்த்தது. ஒருவரும் ஏறவில்லை. அவள் தொண்டை கம்மும் வரை கூவினாள்.

அப்போது பால்குடத்தோடு ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கங்காதரனின் மனைவி தமயந்தி. வருஷா வருஷம் புருஷன் வண்டியில்தான் மலைக்குப் போவாள். நேராக வந்து புஷ்பலதாவின் முன்சீட்டுக் கதவைத் திறந்தாள்.

"தமயந்தி, நம்ம வண்டி இங்க கீது!" என்று ஸ்டாண்டிலிருந்து கத்தினான் கங்காதரன்.

தமயந்தி குடத்தை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு தலையை வெளியே நீட்டினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் வண்டியில கண்ண மூடிக்கினுதாய்யா இறங்கி வரேன். இன்னிக்காவது ரோட்டைப் பாத்துக்கினு வரேன். நீ எடு லதா."