தொட்டி காலியாகும் வரை

எழுபதுகளில் மதுரைச் சாயப்பட்டறை ஒன்றில் ஒரு நரைமீசைக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் காவல் காத்தார். தினமும் தண்ணீர் மாற்றுவார். கை கழுவக்கூட யாரையும் விடமாட்டார்.

தொழிற்சாலை ஆய்வாளனாக நான் போயிருந்த அன்று, ஒரு தொழிலாளியின் கண்ணில் காஸ்டிக் சோடா தெறித்தது. முதலாளி விளக்கெண்ணெயோடு ஓடிவந்தார்.

“எண்ணெய் வேணாம், தள்ளுங்க மொதலாளி!” என்று அதட்டிய நரைமீசைக்காரர், தொழிலாளியின் இமையை விரித்துப் பிடித்துத் தொட்டிக் குழாயைத் திறந்தார்.

“போதும், விடுண்ணே!”

“எம்புட்டு வேணா கத்து மாப்ள, கண்ணை மட்டும் மூடாத.”

விதிகளெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விதி கேட்பது பதினைந்து நிமிடம். அவர் இருபது நிமிடம் கழுவி, தொட்டி காலியான பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பார்வை போகாமல் தப்பியது.

‘கண் கழுவும் கருவி உண்டா?’ என்று என் படிவம் கேட்டது. அந்த மனிதரை அதில் எப்படி எழுதுவதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.