பூமியிலிருந்து வந்த கரண்ட்

எங்க வீட்டுக்காரர் தனசீலனுக்கு மோட்டார் காயில் கட்டுறதுதான் தொழில். தாராவியில எங்க சந்துல எந்த மோட்டார் கருகினாலும் இவியகிட்டதான் வரும். கை நல்ல கை, புத்திதான் கொஞ்சம் கோட்டி. செல்போன்ல எவனோ காந்தத்தைச் சுத்தவிட்டு, கரண்டே இல்லாம பல்பு எரியவச்சதைப் பாத்தாவ. அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு, விடவே இல்ல.

பழைய ஃபேன் மோட்டார், ஸ்பீக்கர் காந்தம், சைக்கிள் சக்கரம் எல்லாத்தையும் சேத்து ஒரு சவத்து மிஷினைச் செஞ்சு வாசல்ல வச்சாவ. பிளக் கிடையாது. ரெண்டே வயர்தான். ஒண்ணு தண்ணிக் குழாய்ல, இன்னொண்ணு சாக்கடை ஓரம் அடிச்ச கம்பியில. ரெண்டும் எர்த்தாம், பூமியில இறங்குற வயராம். மாசக்கணக்கா அது அசையவே இல்ல. நானும் அதுமேல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்.

ஒருநாள் காலையில, தண்ணி வந்த நேரம், சக்கரம் சுத்துது, பல்பு எரியுது.

"ஏட்டி ஜெஸி! பாத்தியா! பூமியிலருந்து கரண்ட் வருதுட்டி!"

அவிய கண்ணுல தண்ணி. எனக்கும் சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா தண்ணி நின்னா அதுவும் நின்னுரும். கேட்டா, காலையில பூமி குளுந்து கெடக்குல்லா, அதான்னாவ.

வாஷியில ஆபீசுக்குப் போற எங்க மக ஆனிதான் ரயிலுக்கு ஓடுறதுக்கு முன்னால தண்ணி பிடிப்பா. ஒருநாள் கையை உதறினா. "அப்பா, குழாய் கடிக்குது."

"கடிக்கும்லா! பவர் ஏறுதுல்லா!" இவியளுக்கு ஒரே குஷி.

அதுலருந்து ரப்பர் செருப்பு இல்லாம அவளைக் குழாய்கிட்ட விடமாட்டேன். தண்ணி வந்தாலே நானும் போய்ப் பக்கத்துல நின்னுக்குவேன்.

அப்புறந்தான் கவனிச்சேன். பக்கத்து வீட்டு ஹபீபாக்கா தண்ணி இழுக்க மோட்டார் போட்டா பல்பு எரியுது, நிறுத்தினா அணையுது. மாதாவே! அவ மோட்டார் கரண்ட்டுல்லா குழாய்ல ஏறுது! ரெண்டு வீட்டுக்கும் ஒரே இரும்புக் குழாய், அதோட ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக் ஒட்டு; கரண்ட் பூமிக்கு இறங்க எங்க வயரை விட்டா வேற வழி ஏது? ஓடிப்போய் இவியகிட்ட சொன்னேன்.

"எனக்கே பாடம் எடுக்கியா? அந்த மோட்டாரைக் கட்டினது நானு. என் கட்டு லீக் ஆகுமா? இது பூமி குடுக்குற கரண்டுதான்"னு ஒரே கத்து.

அடுத்த ஞாயித்துக்கிழமை இவிய சித்தப்பா மகன் ஜோன்ஸ் இந்த மிஷினை வீடியோ எடுக்க முலுண்ட்லருந்து வந்துட்டாரு. சந்தே கூடிட்டு. தரையெல்லாம் ஈரம். நாங்க எதைத் தொடங்கினாலும் ஜெபம் பண்ணித்தான் தொடங்குவோம். "ஜெபிப்போம்"னு ஜோன்ஸ் சொல்லவும், வீட்டு ஜெபத்துக்குக் கழட்டுற மாதிரி எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டாவ. பாவி மக்கா, ஆனியும் கழட்டிட்டா!

கண்ணை மூட எனக்கு முடியல. அந்தப் பக்கம் ஹபீபாக்கா மோட்டார் உறுமிச்சு. பல்பு எரிஞ்சுது. "ஆமென்" சொல்லி முடிக்கவும் ஜோன்ஸ், "ஆனி, அந்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நில்லும்மா, வீடியோவுக்கு நல்லாருக்கும்"னாரு. சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினா என் பிள்ளை.

"தொடாதட்டீ!"

கத்தினது நான்தான்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஹபீபாக்கா வீட்டுக்குள்ள பாஞ்சு சுவிட்சை அணைச்சேன். சக்கரம் நின்னுபோச்சு.

"மூதி! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!" இவிய அடிக்கக் கை ஓங்கிட்டாவ.

அவிய சட்டைப் பையிலருந்த டெஸ்டரை உருவி அவிய கையிலேயே குடுத்தேன். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு, நீங்களே குழாய்ல வச்சுப் பாருங்க. அக்கா, போடுங்க மோட்டாரை."

டெஸ்டர்ல செவசெவன்னு லைட் எரிஞ்சுது.

மோட்டாரை நிறுத்தச் சொல்லி இவிய சைகை காட்டினாவ. அக்கா வீட்டுக்குள்ள போய் அதைக் கழட்டி, தான் கட்டின காயிலை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாவ. ஒரு ஓரமா கருகிக் கெடந்துச்சு. அதைக் கீழ வச்சிட்டு வெளிய வந்து, ஈரத் தரையிலேயே ஆனிக்கு முன்னால உக்காந்து, அவ கையைப் பிடிச்சாவ. விரலை ஒண்ணொண்ணா விரிச்சுப் பாத்தாவ.

"அன்னைக்குக் கடிக்குதுன்னியே, எந்த விரல்ட்டி?"